பூட்டுத் தொங்கும் முன்பே பணம்!

ஆலையை மூடினால் தொழிலாளிக்கு நஷ்டஈடு எப்போது?

"ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பேச்சில் வரும் ஆறு எது தெரியுமா? விருத்தாசலத்தில் ஓடும் மணிமுத்தாறுதான். குளம், திருவாரூர்க் கமலாலயம்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சுந்தரருக்கு இறைவன் 12 ஆயிரம் பொன் கொடுத்தார். அவ்வளவு பொன்னை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? சுந்தரர் அதை மணிமுத்தாற்றில் போட்டார். பிறகு திருவாரூர் போனார். கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடினார். பக்கத்தில் நின்ற பரவையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் கிடைக்கவில்லை. பாடினார், கிடைத்தது.

சுந்தரருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால், அதே விருத்தாசலத்தில் பீங்கான் சூளையின் வெப்பத்தில் இருபது வருடம் உழைத்துவிட்டு, ஒரு நாள் காலையில் வந்து பார்க்கும்போது கேட்டில் பூட்டுத் தொங்கினால்? அந்தத் தொழிலாளி தன் பணத்தை எந்தக் குளத்தில் போய்த் தேடுவார்?

பீங்கான் ஊர்

விருத்தாசலம் ரெயில் ஜங்ஷன் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். பீங்கான் ஊர் என்பது கொலு பொம்மை வாங்குகிறவர்களுக்கும் மின்சார சாமான் விற்கிறவர்களுக்கும் தெரியும்.

பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. மண் பக்கத்தில் இருந்ததால் தொழிலும் பக்கத்தில் வளர்ந்தது. பீங்கான் தொழில் படிப்புக்கென்றே ஒரு அரசாங்கப் பயிலகம் விருத்தாசலத்தில் இருக்கிறது. தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன ஆலைகள். பொம்மை, ஜாடி, விளக்கு, மின்சாரக் கம்பிக்கு வைக்கும் இன்சுலேட்டர், ப்யூஸ் கட்டை என்று பல சாமான்கள் இங்கே வெந்து வெளியே வருகின்றன.

பீங்கான் வேலை பார்ப்பதற்கு அழகு. செய்வதற்கு அப்படி அல்ல. களிமண்ணைக் கரைக்க வேண்டும். பாரிஸ் சாந்து அச்சில் ஊற்ற வேண்டும். பச்சையாக இருக்கும்போது பிசிறு சீவ வேண்டும். காய வைக்க வேண்டும். மெருகு பூச வேண்டும். பிறகு ஆயிரம் டிகிரிக்கு மேல் காயும் சூளையில் அடுக்க வேண்டும். பிசிறு சீவுவதையும் மெருகு பூசுவதையும் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். மண் தூசி மூக்கில் ஏறும். அந்தத் தூசியில் உள்ள மணற்சத்து வருடக்கணக்கில் நெஞ்சில் தங்கினால் நுரையீரல் கெடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இப்படி உழைத்துக் கற்ற கை, வேறு வேலைக்கு எளிதில் ஆகாது. பீங்கான் வேலை போனவர் முந்திரிக்கொட்டை உடைக்கப் பண்ருட்டிப் பக்கம் போகலாம். திருப்பூருக்கு ரெயில் ஏறலாம். இரண்டு இடத்திலும் அவர் புதுக் கைதான். கூலியும் புதுக் கைக்கு உரிய கூலிதான்.

தொழிலும் முன்போல இல்லை. வீட்டுக்கு வீடு பீங்கான் ப்யூஸ் கட்டை இருந்த காலம் உண்டு. இப்போது புது வீடு கட்டுகிறவர்கள், தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சு வைக்கிறார்கள். ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் டப்பா வந்துவிட்டது. குஜராத்தில் உள்ள மோர்பியிலிருந்து லாரி லாரியாகப் பீங்கான் சாமான் வருகிறது. சூளைக்கு எரிபொருள் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. ஒரு ஆலை மூடினால் அதற்கு யாரோ ஒருவரின் கெட்ட எண்ணம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. காலம் மாறுகிறது, தொழில் மாறுகிறது.

ஆனால், மாறுகிற காலத்தின் செலவை யார் தலையில் வைப்பது என்பதுதான் கேள்வி.

மூன்று விதம்

வேலை இல்லை என்று சொல்வதிலும் சட்டப்படி மூன்று விதம் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலாவது, தற்காலிகமாக வேலை கொடுக்காமல் இருப்பது. இதை "லே-ஆப்" என்கிறார்கள். மண் வரவில்லை, மின்சாரம் இல்லை, சூளை பழுது, சரக்குத் தேங்கிவிட்டது, "நாளைக்கு வா" என்று அனுப்புவது. தொழிலாளியின் பெயர் புத்தகத்தில் இருக்கும். இந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலைக்கு இந்தப் பாதிச் சம்பளம் பொருந்தாது! 15 பேரும் 20 பேரும் வேலை செய்யும் சின்ன ஆலைகளுக்கு இது எட்டாக் கனி. 50 பேரில் ஒருவனுக்கும் பசி, 15 பேரில் ஒருவனுக்கும் பசி. சட்டம் ஏனோ தலையை எண்ணுகிறது.

இரண்டாவது, ஆட்குறைப்பு. ஆலை நடக்கும், ஆள் மட்டும் குறையும். இதற்குத் தலைக் கணக்குக் கிடையாது. ஆலை சின்னதானாலும் பெரியதானாலும், ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீசு கொடுக்க வேண்டும். அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதோடு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. கடைசியாக வந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்பது பொது முறை. பிறகு ஒரு வருடத்துக்குள் ஆள் எடுத்தால் பழைய ஆளுக்கே முதல் இடம்.

ஒரு வருடம் என்றால் 365 நாளும் போயிருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும். "நீ மாதச் சம்பளக்காரன் இல்லை, உருப்படிக் கூலிக்காரன், உனக்கு ஒன்றும் கிடையாது" என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவரும் தொழிலாளிதான்.

மூன்றாவது, ஆலையையே மூடிவிடுவது. இதற்கும் அதே 15 நாள் கணக்குத்தான். இங்கும் தலைக் கணக்குக் கிடையாது.

எவ்வளவு வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 12 ஆயிரம் ரூபாய் வாங்குகிற ஒருவர். 18 வருடம் வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாத நோட்டீசுச் சம்பளம் 12 ஆயிரம். வருடத்துக்கு 15 நாள் என்றால் 6 ஆயிரம். 18 வருடத்துக்கு ஒரு லட்சத்து 8 ஆயிரம். ஆலையில் 10 பேராவது வேலை செய்திருந்தால், பணிக்கொடையும் உண்டு. அதை "கிராஜுவிட்டி" என்பார்கள். அதில் மாதத்தை 26 நாளாகக் கணக்கிடுவார்கள். அந்த வகையில் 1 லட்சத்து 24 ஆயிரத்து 615 ரூபாய் வரும்.

மொத்தம் 2 லட்சத்து 44 ஆயிரத்து 615 ரூபாய். பிராவிடண்டு பண்டு தனி. பாக்கிச் சம்பளம் தனி. அதை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டரை லட்சம் என்றால் பெரிய பணமா? பணக்காரனுக்கு இல்லை. 18 வருட உழைப்புக்கு ஈடும் இல்லை. ஆனால் அடகு வைத்த தாலிச் சங்கிலி திரும்பி வரும். பெண்ணின் காலேஜ் சம்பளம் கட்டலாம். புது வேலை கிடைக்கும்வரை ஆறு மாதம் கந்துவட்டிக்காரன் வீட்டு வாசலில் நிற்காமல் இருக்கலாம். பணம் கைக்கு வந்தால்தான் இதெல்லாம். வராவிட்டால் அந்த ஆறு மாதத்திலேயே குடும்பம் கடனில் மூழ்கிவிடும். மூன்று வருடம் கழித்துக் கோர்ட்டுத் தீர்ப்பில் பணம் வந்தால் அது வட்டிக்காரனுக்குத்தான் போகும்.

ஆகவே, எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம்.

சட்டம் பிறந்த கதை

இந்தச் சட்டம் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்தது அல்ல.

தொழில் தகராறுச் சட்டம் 1947-ல் வந்தது. அதில் வேலை போனவருக்கு நஷ்டஈடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1953-ல் துணி ஆலைகளில் சரக்குத் தேங்கியது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போகும் நிலை. அந்த வருடம் அக்டோபர் 24-ந் தேதி அவசரச் சட்டம் போட்டார்கள். பாதிச் சம்பளமும் 15 நாள் கணக்கும் அப்போது பிறந்தவை.

மூன்று வருடத்தில் ஒரு சிக்கல் வந்தது. பம்பாய் மாகாணத்தில் பார்சி லைட் ரெயில்வே என்று ஒரு கம்பெனி. அந்த ரெயிலை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கம்பெனி தன் ஆட்களை அனுப்பிவிட்டது. நஷ்டஈடு கேட்டு வழக்கு. 1956 நவம்பர் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. "ஆலை நடக்கும்போது ஆளைக் குறைத்தால்தான் ஆட்குறைப்பு. ஆலையே போய்விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது" என்பது தீர்ப்பின் சாரம்.

அப்படியானால் ஒருவரை அனுப்பினால் நஷ்டஈடு, எல்லோரையும் அனுப்பினால் ஒன்றும் இல்லை!

மத்திய அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1957-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மூடினாலும் நஷ்டஈடு உண்டு என்றார்கள். அதையும் 1956 நவம்பர் 28-ந் தேதியிலிருந்தே செல்லும் என்றார்கள். அதாவது, தீர்ப்புச் சொன்ன மறுநாளிலிருந்து! ஒரு நாள் கூட ஓட்டை இருக்கக்கூடாது என்று நினைத்த அந்த அக்கறையைப் பாராட்ட வேண்டும்.

இன்னொரு நல்ல காரியமும் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. தன் சக்திக்கு மீறிய காரணத்தால் முதலாளி ஆலையை மூட நேர்ந்தால், நஷ்டஈடு மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் போகாது என்று சலுகை கொடுத்தார்கள். ஆனால் பணக்கஷ்டம், நஷ்டம், விற்காமல் தேங்கிய சரக்கு ஆகியவை மட்டும் அந்தக் காரணம் ஆகமாட்டா என்றும் எழுதிவைத்தார்கள். கிடங்கு நிறைய பொம்மை தேங்கிவிட்டது என்று காட்டி, 18 வருடக் கணக்கை மூன்று மாதமாகச் சுருக்க முடியாது.

மூடாமல் விட்ட ஓட்டை

எல்லாம் சரி. ஆனால் ஒரு ஓட்டை மட்டும் அடைபடாமல் நின்றுவிட்டது.

1960-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு வேலைக்காரர்கள் இருவரை ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். நஷ்டஈடு கொடுக்கவில்லை. கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: நஷ்டஈட்டை முன்னால் கொடுக்காமல் அனுப்பினால் அனுப்பியதே செல்லாது! அதாவது, பணம் கொடுத்தால்தான் வேலை போகும். கொடுக்காதவரை அவர் வேலைக்காரர்தான்.

அதே 1960-ல் ஆமதாபாத் ஆலை ஒன்றின் வழக்கும் வந்தது. அது மூடிய ஆலை. மூடியதற்கு நஷ்டஈடு கேட்கும் சட்டம் செல்லும் என்று கோர்ட்டு சொன்னது. ஆனால் பணத்தை முன்னால் கொடுத்தால்தான் மூடலாம் என்று சட்டத்தில் இல்லை என்றும் சொன்னது. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தானே கோர்ட்டு சொல்ல முடியும்?

இதன் பலன் என்ன? இருபது பேரில் இருவரை அனுப்பும் முதலாளி, பணத்தை எண்ணி வைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இருபது பேரையும் அனுப்பிவிட்டுப் பூட்டுப் போடும் முதலாளி, பணத்தைப் பிறகு கொடுக்கலாம். "பிறகு" என்பது ஒரு மாதமாகவும் இருக்கும், பத்து வருடமாகவும் இருக்கும்.

ஆள் குறைத்தவரிடம் பணம் கேட்க ஆலை இருக்கிறது. சூளை புகைகிறது, சரக்கு வெளியே போகிறது, முதலாளி தினம் வருகிறார். மூடியவரிடம் கேட்க என்ன இருக்கிறது? அச்சும் யந்திரமும் ஒரு பக்கம் விலை போகும். நிலத்தைப் பாங்கி எடுத்துக்கொள்ளும். டெலிபோன் எடுக்க ஆள் இருக்காது. எங்கே பணம் கிடைப்பது கடினமோ அங்கேதான் சட்டம் முன்பணம் கேட்கவில்லை!

கம்பெனியாகப் பதிவான ஆலை திவாலானால் 2016-ம் வருடச் சட்டம் கொஞ்சம் துணைக்கு வரும். தொழிலாளியின் கடைசி 24 மாதப் பாக்கிக்குப் பாங்கிக் கடனோடு சம இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தனி மனிதரோ கூட்டாளிகளோ நடத்தும் சின்ன ஆலைகளுக்கு இது எட்டாது.

பழைய சட்டங்களைச் சேர்த்துப் புதிதாக எழுதிய தொழில் உறவுச் சட்டம் 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதிலாவது ஓட்டையை அடைத்தார்களா? இல்லை. 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. 1953-ல் எழுதிய அதே 15 நாள்! புதிதாக ஒரு நிதி சேர்த்திருக்கிறார்கள். வேறு தொழில் கற்றுக்கொள்ள உதவியாக, வேலை போனவருக்கு முதலாளி இன்னொரு 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும். வருடத்துக்கு 15 நாள் அல்ல, மொத்தமே 15 நாள்தான். நல்லதுதான். ஆனால் அதுவும் ஆட்குறைப்புக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. ஆலை மூடி வேலை போனவருக்கு அந்த 15 நாளும் கிடையாது.

பெரிய ஆலைகளின் கதை வேறு. முன்பு 100 பேர் இருந்தாலே மூடுவதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். புதுச் சட்டம் அதை 300 ஆக உயர்த்திவிட்டது. சென்னை பெரம்பூரில் பி அண்டு சி மில் 1996-ல் மூடியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் போர்டு கார் ஆலை 2022-ல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. போர்டு தொழிலாளர்கள் மூடுவதற்கு முன்பே போராடினார்கள். சங்கம் இருந்தது, பத்திரிகைகளில் செய்தி வந்தது. சட்டம் சொல்லும் 15 நாளைப் போலப் பல மடங்கு கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. விருத்தாசலத்தில் 15 பேர் வேலை செய்யும் கொட்டகை மூடினால் எந்தப் பத்திரிகையில் செய்தி வரும்?

கப்பல் கட்டிய ஊர்

வெளிநாட்டிலும் ஒரு காலத்தில் இதே கதைதான்.

இங்கிலாந்தின் வடக்கே ஜாரோ என்று ஒரு ஊர். விருத்தாசலத்துக்குப் பீங்கான்போல அந்த ஊருக்குக் கப்பல். பால்மர் என்ற கம்பெனியின் கப்பல் கட்டும் தளத்தை நம்பி ஊரே இருந்தது. 1930-களில் உலகம் முழுவதும் பண முடை. தளம் மூடிவிட்டது. நஷ்டஈட்டுச் சட்டம் அப்போது அங்கே இல்லை.

1936 அக்டோபரில் அந்த ஊர் ஆண்கள் 200 பேர் லண்டனுக்கு நடந்தே புறப்பட்டார்கள். சுமார் 300 மைல். பெட்டியில் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கையெழுத்து. கூடவே எலன் வில்கின்சன் என்ற பெண் பார்லிமெண்டு மெம்பரும் நடந்தார். மனுவைக் கொடுத்தார்கள். ஊருக்குத் தொழில் வரவில்லை. திரும்பி வந்தபோது இன்னொரு அடி. "நடந்துகொண்டிருந்த நாட்களில் வேலை வந்திருந்தால் நீங்கள் வந்திருக்க முடியாதே" என்று சொல்லி, அரசாங்க உதவிப் பணத்தில் பிடித்தம் செய்துவிட்டார்கள்!

1965-ல் அங்கே சட்டம் வந்தது. வயதையும் வேலை செய்த வருடத்தையும் வைத்து நஷ்டஈடு. வயது 41-க்கு மேல் என்றால் வருடத்துக்கு ஒன்றரை வாரச் சம்பளம். வயதானவருக்கு மறுபடி வேலை கிடைப்பது கஷ்டம் என்பதை யோசித்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் பாராட்ட வேண்டிய விஷயம் வேறு ஒன்று. முதலாளி திவாலாகிக் கொடுக்க முடியாமல் போனால், அரசாங்கத்தின் பொது நிதியிலிருந்து தொழிலாளிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு முதலாளியின் சொத்திலிருந்து வசூல் செய்துகொள்வது அரசாங்கத்தின் பாடு. தேடுகிற வேலை அரசாங்கத்துக்கு.

அதனால் அங்கே கஷ்டமே இல்லை என்று அர்த்தம் அல்ல. "டைட்டானிக்" கப்பலைக் கட்டிய பெல்பாஸ்டு தளம் 2019 ஆகஸ்டில் நொடித்துப்போனது. தொழிலாளர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அக்டோபரில் வேறு கம்பெனி வாங்கியது. 2025 ஜனவரியில் மறுபடியும் கை மாறியது. வேலை போவது எங்கும் வேதனைதான். ஆனால் நொடித்த முதலாளியின் பின்னால் பணத்துக்காக வருடக்கணக்கில் அலைய வேண்டியது இல்லை.

முதலாளி கேட்பார்

"நஷ்டம் வந்துதானே மூடுகிறேன்? கையில் பணம் இருந்தால் ஏன் மூடுகிறேன்?" என்று சின்ன முதலாளி கேட்பார். நியாயமான கேள்வி. விருத்தாசலம் போன்ற ஊரில் முதலாளி என்றால் கார் வைத்திருக்கும் சீமான் என்று நினைக்கக்கூடாது. அவரும் சூளைக்கு முன் நிற்கிறவர்தான். பாங்கியில் கடன்பட்டவர்தான். மூடுகிற நாளில் அவரிடம் பணம் இருக்காது என்பது உண்மை.

அதனால்தான் மூடுகிற நாளில் தேடக்கூடாது. நடக்கிற நாளில் சேர்க்க வேண்டும்.

மாதம் 12 ஆயிரம் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் 6 ஆயிரம். மாதத்துக்கு 500 ரூபாய். ஒரு வேலை நாளுக்கு 20 ரூபாய் கூட இல்லை! ஒரு டீயும் வடையும் ஆகும் செலவு. மாதாமாதம் ஒரு பொதுக் கணக்கில் இதைக் கட்டிவந்தால், பூட்டுப் போடும் நாளில் முதலாளியும் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

இது நடக்காத காரியம் இல்லை. பணிக்கொடைக்கு இன்சூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும் என்ற பிரிவு 1987-லேயே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. கர்நாடகம் 2024-ல் அதற்கு விதி செய்தது. மூடும்போது கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு செய்தால் என்ன?

மின்சார வாரியம் டெபாசிட் வாங்கிக்கொண்டுதான் இணைப்புக் கொடுக்கிறது. பாங்கி நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் கடன் கொடுக்கிறது. மண் வியாபாரி முன்பணம் வாங்கிக்கொண்டுதான் லாரியை அனுப்புகிறார். ஈடு எதுவும் வாங்காமல், மாதம் முழுவதும் உழைப்பைக் கடனாகக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் கூலிக்குக் கை நீட்டுகிறவர் தொழிலாளி ஒருவர்தான்.

அரசாங்கம் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஆட்குறைப்புக்கு இருக்கும் வார்த்தையை மூடுதலுக்கும் எழுத வேண்டும். நஷ்டஈட்டைத் தொழிலாளர் அதிகாரியிடம் கட்டிய ரசீது இருந்தால்தான் மூடியது செல்லும் என்று ஒரு வரி. கட்ட முடியாத சின்ன ஆலைக்குப் பொது நிதி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வசூலிக்கட்டும். 1957-ல் ஒரு நாள் இடைவெளி கூட விடாமல் சட்டம் எழுத முடிந்தது. இதற்கும் முடியும்.

கையில் ஒரு துண்டு

சட்டம் மாறும்வரை தொழிலாளி என்ன செய்வது?

சுந்தரர் கதையில் பலரும் மறந்துவிடும் ஒரு இடம் இருக்கிறது. ஆற்றில் பொன்னைப் போடுவதற்கு முன் அதில் ஒரு துண்டை வெட்டி, அடையாளத்துக்காகக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் வந்த பொன்னை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. அதனால் மறுபடியும் கேட்க முடிந்தது. இறைவனிடமே அத்தாட்சி வைத்துக்கொண்டவர் அவர்!

தொழிலாளிக்கு அந்தத் துண்டு, காகிதம்தான். சம்பளச் சீட்டு, வருகை அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை, பிராவிடண்டு பண்டு நம்பர், பாங்கியில் கூலி ஏறிய புத்தகம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைக்க வேண்டும். இவை எதுவும் கொடுக்காத ஆலையாக இருந்தால், வேலைக்குப் போன நாளையும் வாங்கிய கூலியையும் ஒரு நோட்டில் தினமும் எழுதி வரலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதற்கு நல்ல எழுத்துப் பயிற்சியும் ஆகும். 240 நாள் என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளி தலையில் விழும்போது அந்த நோட்டு உதவும்.

மூடுகிற நேரத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள். "கையெழுத்துப் போடு, கொஞ்சம் பணம் தருகிறேன்" என்பார்கள். அந்தத் தாளில் "நானாகவே வேலையை விட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தால், அதோடு 15 நாள் கணக்குப் போய்விடும். தானாக விலகினவருக்கு ஆட்குறைப்பு நஷ்டஈடு கிடையாது. "எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருந்தாலும் பின்னால் கேட்பது கஷ்டம். ஆகவே, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. வெற்றுத் தாளில் போடவே கூடாது. "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்வதில் வெட்கம் இல்லை. பீங்கான் ஆலையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வேலை செய்யும் குடும்பங்கள் உண்டு. மனைவிக்குத் தனிக் கணக்கு, தனி நஷ்டஈடு. "உன் வீட்டுக்காரருக்குக் கொடுத்தாயிற்றே" என்ற பேச்சை ஏற்க வேண்டியதில்லை.

பணம் வராவிட்டால் காத்திருக்கக்கூடாது. பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்; தாமதமானால் வட்டி உண்டு. வரவேண்டிய நஷ்டஈட்டைக் கேட்கும் மனுவை ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் பிறகும் ஏற்பார்கள். ஆனால் "அடுத்த மாதம் தருகிறேன்" என்று முதலாளி சொன்ன வார்த்தையைத் தக்க காரணமாக ஏற்பார்களா என்பது சந்தேகம். மனுவைத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கும்போது ஒரு நகல் எடுத்து, அதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வரவேண்டும். அந்த நகலும் ரேஷன் கார்டு இருக்கும் பைக்குள்தான் போகவேண்டும்.